கடைசி ஃபாரம் இல்லை

என் பெரியப்பா ஆர்.எம்.எஸ். சார்ட்டர். ஓடுகிற ரயிலின் தபால் பெட்டிக்குள் நின்றபடியே, சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த அலமாரியில் ஊர்வாரியாகக் கடிதங்களைப் பிரித்துப் போடுவதுதான் அவர் உத்தியோகம். இறங்குகிற ஊரில், ஓய்வறைக்குப் போகிற வழியில் ஒரு துப்பறியும் நாவல் வாங்குவார். திரும்புகிற ரயில் கிளம்புவதற்குள் படித்து முடித்திருப்பார். முப்பத்திரண்டு வருஷம் இப்படியே போயிற்று. அவர் காலமான பிறகு மன்னார்குடி வீட்டு மாடியில் மிஞ்சியவை மூவாயிரத்துச் சொச்சம் பிரதிகள். பழைய பேப்பர்க்காரர் தராசோடு மாடி ஏறினார். பெரியம்மா ஒரு பார்வை பார்த்தார். தராசு இறங்கிவிட்டது.

ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எந்த நூலகம் என்பது இங்கே வேண்டாம். பொறுப்பாளர் மரியாதையாகப் பேசினார், டீ வரவழைத்தார். பிறகு, "மாத நாவலெல்லாம் புத்தகக் கணக்குலயும் வராது சார், பத்திரிகைக் கணக்குலயும் வராது. பட்டியல் போட்டுக் கொண்டாங்க, பார்ப்போம்" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்று அப்போது கோபப்பட்டேன். அவர் சொன்னது எத்தனை துல்லியமான வாக்கியம் என்பது பட்டியல் போடத் தொடங்கி நான்கு வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

துப்பறியும் நாவலுக்குப் பட்டியல் போடுகிறவனும் ஒரு துப்பறிவாளனே என்று ஆரம்பித்தால் கட்டுரை வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் அது பொய். துப்பறிவாளனுக்குக் கடைசி அத்தியாயத்தில் எல்லாம் தெரிந்துவிடும். பட்டியல்காரன் கையில் இருக்கிற பிரதியில் பல சமயம் கடைசி அத்தியாயமே இருக்காது.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. துப்பறியும் கதைகளைச் சேகரிப்பது கௌரவக் குறைவான காரியம் அல்ல என்று ஜான் கார்ட்டர் 1934இலேயே ஒரு கட்டுரை எழுதினார். எல்லரி குவீன் என்ற பெயரில் 1942இல் துப்பறியும் சிறுகதைகளுக்கு ஒரு நூலடைவு வந்தது. கிரகாம் கிரீனும் டோரதி குளோவரும் சேர்த்து வைத்திருந்த விக்டோரியா காலத்துத் துப்பறியும் நூல்களின் பட்டியல் 1966இல் தனிப் புத்தகமாகவே வெளியாயிற்று. ஜாக் பார்ஸனும் வெண்டல் ஹெர்ட்டிக் டெய்லரும் 1971இல் கொண்டுவந்த பட்டியலில் நூலின் பெயரோடு நில்லாமல் அது தேறுமா தேறாதா என்று சில வரித் தீர்ப்பும் சொன்னார்கள். ஆலன் ஹூபின் 1979இல் வெளியிட்ட நூலடைவு, 1749 முதல் 1975 வரை ஆங்கிலத்தில் வந்த குற்றப் புனைவு முழுவதையும் வளைத்துப் பிடிக்கப் பார்த்தது. எல்லாம் அசுர உழைப்பு. நானும் அவற்றைப் பார்த்துத்தான் கட்டம் போட்டேன்: ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், முதற்பதிப்பு ஆண்டு, துப்பறிவாளர் பெயர்.

முதல் நூறு பிரதிகளுக்குள் அந்தக் கட்டம் உடைந்துவிட்டது.

ஆங்கிலப் பட்டியல்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை அடிப்படையாக இருக்கிறது. ஒரு நாவல் என்பது ஒரு படைப்பு. அதற்கு ஒரு முதற்பதிப்பு உண்டு. அதுதான் மூலம், பிறகு வருவதெல்லாம் நிழல். தமிழ்த் துப்பறியும் கதை இந்த வழியில் பிழைக்கவில்லை. தேவனின் 'துப்பறியும் சாம்பு' ஆனந்த விகடனில் வாழ்ந்தவர். சுஜாதாவின் கணேஷ் முதலில் தலைகாட்டிய 'நைலான் கயிறு' 1968இல் குமுதத்தில் வாராவாரம் வந்த தொடர். இந்த வகைக் கதைக்குப் புத்தகம் இரண்டாவது பிறவி. முதற்பிறவி பத்திரிகைத் தாளில், யாரோ ஒரு வாசகர் கத்தரித்து, சேர்த்து, காலிகோ பைண்டு போட்டு வைத்த தொகுப்பில்தான் கிடைக்கும். பெரியப்பாவிடம் அப்படி அறுபதுக்கு மேல் இருந்தன. எந்தப் பதிப்பகமும் போடாத புத்தகங்கள் அவை. உலகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரே பிரதிதான். என் கட்டத்தில் 'பதிப்பகம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது? அந்தத் தெரு பைண்டர் பெயரையா?

ஒரு தொகுப்பை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். ஊதாக் காலிகோ முதுகு, மூலைகளில் சிவப்புத் துணி. உள்ளே ஐம்பத்திரண்டு வாரத் துண்டுகள். பதினேழாவது வாரம் இல்லை. அந்த இடத்தில் பெரியம்மா கையெழுத்தில் ஒரு கோடு போட்ட தாள், விட்டுப்போன வாரத்துக் கதைச் சுருக்கம் எட்டு வரியில். ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் வேறு ஏதாவது பாதியாக இருக்கிறது: சினிமா விளம்பரத்தின் கீழ்ப்பாதி, தலைவலித் தைலம், தலையில்லாத ஜோக் ஒன்று. பத்திரிகையின் பெயரும் தேதியும் இருந்த மேல்விளிம்பைப் பைண்டர் வெட்டித் தள்ளிவிட்டார். ஆனால் அந்தச் சினிமா விளம்பரம் 'தீபாவளி வெளியீடு' என்கிறது. படம் எந்த ஆண்டு வந்தது என்று பார்த்தால், அந்த வாரம் எந்த மாதத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணினால் தொடர் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பது வந்துவிடுகிறது. அழுக்கு என்று ஒதுக்கியிருக்க வேண்டிய பின்பக்கம்தான் தேதியைக் கொடுத்தது.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது இதைத்தான். தமிழ்த் துப்பறியும் நாவலைப் பொறுத்தவரை நூல்களுக்குப் பட்டியல் போட்டுப் பயனில்லை. பிரதிகளுக்குத்தான் போட வேண்டும். ஒரே நாவல் நாலு பிரதி இருந்தால் நாலும் நாலு பதிவு. ஒவ்வொன்றும் வேறு வழியாக வந்திருக்கிறது. அந்த வழிதான் இந்த இலக்கியத்தின் வரலாறு.

தேதிக்கு வருவோம். மாடியில் எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது அதுதான், அதிகம் சந்தோஷம் கொடுத்ததும் அதுதான். பழைய நாவல்களில் பாதிக்கு மேல் ஆண்டே கிடையாது. அச்சகத்தின் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், பதிப்பித்தவர் பெயர் இருக்கும், ஆண்டு மட்டும் இருக்காது. சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். சட்டமே காரணம். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும், பதிப்பித்தவர் பெயரும் இடமும் தெளிவாக இருக்க வேண்டும் என்றது. ஆட்சேபமாக ஏதாவது வந்தால் யாரைப் பிடிப்பது என்பது வெள்ளைக்காரனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எப்போது அச்சானது என்பதை நூலில் போடச் சொல்லவில்லை. தமிழ்ப் பதிப்பாளருக்கு அது வசதியாகப் போயிற்று. ஆண்டு போட்டால் நாவல் பழசாகிவிடும். போடாவிட்டால் என்றும் புதுசு.

வேடிக்கை என்னவென்றால், அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு ஓர் அற்புதமான பட்டியல் படிவத்தை வைத்திருந்தது. அரசுக்குக் கொடுக்கும் பிரதியைப் பதிவு செய்யும்போது தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், அச்சகம், அச்சிலிருந்து வெளிவந்த தேதி, பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, கல்லச்சா எழுத்தச்சா, விலை, உரிமையாளரின் பெயரும் முகவரியும் என்று எல்லாம் எழுத வேண்டும். அவற்றைத் தொகுத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழோடு வெளியிட்டார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு காலத்து நாவல் ஒன்று எந்த ஆண்டு வந்தது, எத்தனை பிரதி போட்டார்கள் என்று கேட்டால் சென்னை மாகாணத்தின் அந்தக் காலாண்டுப் பட்டியல்கள்தான் கதி. நாவலின் மேல் அக்கறை இல்லாத ஓர் அரசு, சந்தேகத்தின் பேரில் போட்டு வைத்த பட்டியல் அது. நாவலின் மேல் பிரியமுள்ள யாரும் அப்படி ஒன்றைப் போடவில்லை. 2023இல் வந்த புதிய சட்டம் பருவ இதழ்களை மட்டும் வைத்துக்கொண்டு நூல்களை விட்டுவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய பிரதிகளுக்கு வேறு தடயங்களைப் பிடித்தேன். விலையில் அணா இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். 'ந.பை.' என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில், நயா பைசா இருந்த ஏழு வருஷத்துக்குள். பதிப்பகத்தின் முகவரி 'சென்னை-17' என்று நின்றால் பெரும்பாலும் 1972 ஆகஸ்டுக்கு முன். 'சென்னை-600 017' என்று நீண்டால் பின்கோடு வந்த பிறகு. மதராஸ் சென்னையான 1996 மட்டும் நமக்கு உதவாது, ஏனென்றால் தமிழில் அது எப்போதுமே சென்னைதான். இன்னும் பழைய நூல்களில் 'இரத்தாட்சி வருஷம்' என்று மட்டும் போட்டிருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பெயர் என்றாலும் குழப்பமில்லை. அணா விலையும் இரத்தாட்சியும் சேர்ந்தால் 1924-25தான்.

எழுத்தே ஒரு தடயம். லை, ளை, ணை, னை ஆகியவற்றைத் தும்பிக்கை போட்டும், ணா, றா, னா ஆகியவற்றைச் சுழித்தும் அச்சிட்டிருந்தால் பழைய எழுத்து. 1978 அக்டோபரில் தமிழக அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது. இதை மட்டும் நம்பிவிடக்கூடாது. ஈயத்தில் வார்த்த பழைய எழுத்துப் பெட்டியை எந்த அச்சகமும் அரசாணை வந்த மறுநாள் உருக்கிவிடவில்லை. சின்ன ஊர் அச்சகங்களில் தும்பிக்கை பல வருஷம் ஆடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கமும் உண்டு: பெரியார் 1935இலேயே தம் பத்திரிகையில் புதிய எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். ஆகவே எழுத்தைப் பார்த்து 'ஏறக்குறைய' என்றுதான் எழுதலாம். என் பட்டியலில் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

மாத நாவல்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 1969இல் அகிலனின் 'பொன்மல'ரோடு தொடங்கிய ராணி முத்துவும், குமுதம் குழுமத்தின் மாலைமதியும், எண்பதுகளில் ஜி.அசோகன் பெட்டிக்கடை தோறும் தொங்கவிட்ட பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் வரிசைகளும் நாவல்போல இருந்தாலும் சட்டப்படி பத்திரிகைகள். பத்திரிகை என்றால் மாதமும் ஆண்டும் போட்டாக வேண்டும். ஆசிரியர், வெளியிடுபவர் பெயரும் வேண்டும். 'ஆசிரியர்' என்றால் இங்கே நாவலை எழுதியவர் அல்ல, பத்திரிகையின் ஆசிரியர். அந்த இரண்டையும் நானே முதல் மாதம் குழப்பி, நாற்பது நாவல்களை எழுதாதவர் தலையில் கட்டியிருந்தேன். நூலகப் பொறுப்பாளர் சொன்னதன் அர்த்தம் இங்கேதான் பிடிபட்டது. படிக்கிறவருக்கு அது நாவல், தபால்காரருக்கு அது பத்திரிகை. நூலகத்தில் நாவலுக்கு ஓர் அலமாரி, பத்திரிகைக்கு ஒரு மேஜை. இரண்டுக்கும் நடுவில் விழுந்தவை பழைய பேப்பர் கடைக்குப் போயின. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியாகும் நூல்களின் பிரதி கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். அதனால் எல்லாம் அங்கே இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை போய், எண்பதுகளின் ஏதாவது ஒரு மாதத்து நாவலைப் பெயர் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

ராஜேஷ்குமார் மட்டும் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் நாவல் எழுதியிருக்கிறார். 1980இல் மாலைமதியில் வந்த 'வாடகைக்கு ஓர் உயிர்' முதல் கணக்கு. அவரை ஹூபின் முறையில் பட்டியலிட்டால் அவர் ஒருவருக்கே ஒரு நூலடைவு வேண்டும். அதுவும் பிரச்சினை அல்ல, வேலைதான். பிரச்சினை மறுபதிப்பு. சில வருஷம் கழித்து அதே கதை இன்னொரு வரிசையில் இலவச இணைப்பாகவோ, இரண்டாவது நாவலாகவோ வரும். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது புது நாவல், உள்ளே பாதிக்கு மேல் தொடங்குவது பழையது. அட்டையை மட்டும் பார்த்துப் பட்டியல் போடுகிறவர் பாதி நாவல்களைத் தொலைத்துவிடுவார். ஒவ்வொரு பிரதியையும் கடைசிப் பக்கம் வரை புரட்டிய பிறகுதான் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். நாளைக்கு இருபது தேறும். சில நாள் ஆறு. நடுவில் படிக்க உட்கார்ந்துவிட்டால் ஒன்று.

பெயர்கள் தனிப் பஞ்சாயத்து. ஆங்கிலப் பட்டியலில் குடும்பப் பெயரை முன்னே போட்டுவிட்டால் தீர்ந்தது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? வை.மு.கோதைநாயகி அம்மாளை 'வை'யில் தேடுவதா 'கோ'வில் தேடுவதா? வடுவூர், ஆரணி, பட்டுக்கோட்டை எல்லாம் ஊர். ஆனால் 'பிரபாகர்' என்று யார் கேட்கிறார்கள்? பட்டுக்கோட்டை பிரபாகர் என்றால்தான் ஆள் தெரியும். வடுவூர் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் என்பதால் 'ஐயங்கார் நாவல்' என்றுதான் பெரியப்பாவே சொல்வார். கடைசியில், பழைய புத்தகக் கடையில் போய் வாசகர் எப்படிக் கேட்பாரோ அப்படியே முன்பெயர் என்று முடிவு செய்தேன். அறிவியல் பூர்வமான விதி அல்லதான். ஆனால் பெரியம்மாவால் இந்தப் பட்டியலில் எதையும் தேடி எடுக்க முடிகிறது.

புனைபெயர் இன்னும் மோசம். 'திருவரங்கன் உலா' எழுதிய ஸ்ரீ வேணுகோபாலன்தான் புஷ்பா தங்கதுரை. ஒருவரை பக்தியோடும் மற்றவரை ஒளித்து வைத்தும் படித்த குடும்பங்கள் உண்டு. எங்கள் வீடும் அதில் சேர்த்தி. ரா.கி.ரங்கராஜன் சூர்யா, ஹம்சா, கிருஷ்ணகுமார், மாலதி, டி.துரைசாமி என்று பல பெயர்களில் எழுதினார். அவர் பெயரோடு குழப்பம் வேண்டாம் என்றுதான் இன்னொரு ரங்கராஜன் மனைவி பெயரில் சுஜாதா ஆனார். சுபா என்பது ஒரே பெயர், ஆட்கள் இரண்டு பேர். ஒரே ஆளின் பெயர்களை ஒரே இடத்தில் குவிப்பதா, அட்டையில் இருக்கிறபடி விடுவதா? நான் அட்டைப்படியே விட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் 'காண்க' போட்டேன். புனைபெயரும் ஒரு தகவல்தான். அந்த மாதம் அந்தக் கதைக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்று ஓர் ஆசிரியர் குழு யோசித்து முடிவு செய்திருக்கிறது. அதை நான் ஏன் அழிக்க வேண்டும்?

தலைப்புக்கும் இதே விதி. வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்' 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் கையில் 'திகம்பர சாமியார்' படமாயிற்று. நம்பியார் விதவிதமான வேஷத்தில் வருவார். படம் பார்த்தவர்கள் புத்தகத்தையும் படத்தின் பெயரிலேயே கேட்டார்கள். 'திகம்பர சாமியார் காண்க: கும்பகோணம் வக்கீல்' என்ற ஒரு வரிக்குப் பின்னால் ஒரு சினிமா இருக்கிறது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனைக் கும்பிடாமல் தமிழன் யாரும் பட்டியல் போட முடியாது. 1933இல் அவர் கொண்டுவந்த கோலன் பகுப்பு முறையில் இலக்கிய நூலுக்கு மொழி எண், வடிவ எண், பிறகு ஆசிரியர் பிறந்த ஆண்டு. அந்த வழியில் போனால் 1880இல் பிறந்த வடுவூரார், 1935இல் பிறந்த சுஜாதா, 1947இல் பிறந்த ராஜேஷ்குமார் என்று தமிழ்க் குற்றக் கதையின் பரம்பரையே அலமாரியில் வரிசை கட்டி நிற்கும். அழகான யோசனை, ஆசையோடு தொடங்கினேன். ஆனால் மாடியில் இருந்த பெயர்களில் முக்கால்வாசிக்குப் பிறந்த ஆண்டு எங்கும் கிடைக்காது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் நாலணா நாவல் எழுதி, அட்டையில் ஒரே ஒரு பெயரை வைத்துவிட்டுப் போனவர்கள். பிறந்தார்களா என்பதே சந்தேகம் போல மறைந்திருக்கிறார்கள். கம்பனுக்கும் பாரதிக்கும் பொருந்துகிற முறை கூலிக்கு எழுதியவனிடம் வந்து நின்றுவிடுகிறது. ரங்கநாதன் மேல் குறை சொல்லவில்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற அவருடைய நான்காவது நூலகவியல் விதியைத்தான் கடைசிவரை பிடித்துக்கொண்டேன்.

கணினி தன் பங்குக்குக் கொஞ்சம் விளையாடியது. எழுத்தின் யூனிகோடு எண்ணைப் பார்த்து அடுக்குகிற மென்பொருளில் ய, ர, ற, ல, ள, ழ, வ என்று வரும். நம் நெடுங்கணக்கில் வ முன்னே, ற கடைசிக்கு முந்தியது. 'ன' நடுவில் ந-வுக்கு அடுத்து உட்கார்ந்துகொள்ளும். ஜ-வோ ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்கெல்லாம் பின்னால் போய்விடுவதால் 'க்ரைம்' என்று தொடங்குகிறவை எல்லாம் க-வரிசையின் வால். 'கிரைம்' என்று எழுதினால் வேறிடம். மொழியறிந்து அடுக்குகிற மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. நான் தொடங்கிய பழைய கணினிக்கு அந்த ஞானம் இல்லை.

வகை பிரிப்பதில் நான் அதிகம் மெனக்கெடவில்லை. துப்பறியும் கதையா, மர்மமா, திகிலா, பேய்க்கதையா, நடுவில் ஒரு கொலை விழுந்த குடும்பக் கதையா என்று நான் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் பார்ஸன்-டெய்லர் மாதிரி என் ருசிதான் பட்டியலில் ஏறும். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வந்தது. அதில் கோவிந்தன் துப்பறிகிறார், கல்யாண வியாபாரத்தைத் திட்டுகிற நாவலும் அதுவேதான். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே தனித்தமிழ் வளர்த்தார். அட்டை என்ன சொல்கிறதோ அதை அப்படியே எழுதிவிடுவது என்று வைத்தேன். பிறகு பார்த்தால் அட்டைகளே பேசின. 'துப்பறியும் நாவல்' என்று போட்டது எப்போது 'மர்ம நாவல்' ஆயிற்று, அது எப்போது 'க்ரைம் நாவல்' ஆயிற்று என்பது வரிசையாகப் படித்தால் தெரிகிறது.

இப்படிச் சேர்த்து வைத்தவற்றின் கதி இரண்டு விதம். கோட்டையூரைச் சேர்ந்த, விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, நூலோடு நாடக நோட்டீஸையும் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியதால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆய்வு நூலகம் இருக்கிறது. மறுபக்கம், 1985 மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய புத்தகக் கடைகளும் எரிந்தன. என்ன எரிந்தது என்று யாருக்கும் தெரியாது. அங்கே பட்டியல் இல்லை.

பிரதியின் உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை. மலிவு மரக்கூழ்த் தாளில் இருக்கும் லிக்னின் வெளிச்சத்தில் மஞ்சளாகிறது, அமிலம் நாரை அறுக்கிறது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுத்தாளைத் தின்கிறது. இராமபாணம் முதுகுப் பசைக்கு வருகிறது. வசம்பு வைத்தோம், தேவலாம். முதலில் உதிர்வது முதல் ஃபாரமும் கடைசி ஃபாரமும், அதாவது பிணம் கிடக்கிற பதினாறு பக்கமும் கொலைகாரன் அகப்படுகிற பதினாறு பக்கமும். வாடகை நூலகப் பிரதிகள் சிலவற்றில் மூன்றாம் பக்கத்திலேயே யாரோ ஒரு புண்ணியவான் கொலைகாரன் பெயரைப் பேனாவால் எழுதி வைத்திருப்பார். ஒன்றில் அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து 'பொய்' என்கிறது. அதையும் பட்டியலில் ஏற்றியிருக்கிறேன்.

இனி, நான் செய்த பெரிய தப்பு. மாடிக்குப் போன முதல் வாரமே எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஆசிரியர்வாரியாக அடுக்கத் தொடங்கிவிட்டேன். முடிக்க மூன்று வாரம் ஆயிற்று, பெருமையாக இருந்தது. உள் அட்டைகளில் பெரியப்பா பென்சிலில் 'வி 3', 'தி.ஜ. 42', 'மது 11' என்று குறித்திருந்தார். கதைக்குப் போட்ட மார்க் என்று நினைத்து, சங்கர்லாலுக்கு வெறும் 3 போட்டுவிட்டாரே என்று வருத்தம்கூடப் பட்டேன். இரண்டு வருஷம் கழித்து, பெரியம்மா மாடிக்குக் காபி கொண்டுவந்தபோது கேட்டேன்.

"அது ஊருடா. விழுப்புரம், திருச்சி ஜங்ஷன், மதுரை. அந்தந்த ஊர்ல வாங்குனது அந்தந்த அடுக்குல இருந்துச்சு. நீதான் வந்து எல்லாத்தையும் கலைச்சுப்புட்டே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பெரியம்மா?"

"நீ படிச்சவன், தெரிஞ்சு செய்றேன்னு இருந்தேன்."

கடிதத்தைப் பிரித்துப் போட்ட அதே கையால்தான் நாவலையும் பிரித்திருக்கிறார். ஊர், பிறகு அந்த ஊரில் வாங்கிய வரிசை எண். ஆவணக் காப்பகக்காரர்கள் முதலில் கற்றுக்கொள்கிற பாடம் சேகரித்தவரின் வரிசையைக் கலைக்காதே என்பதுதான். எனக்கு அது காபி டம்ளரோடு வந்து சேர்ந்தது. அட்டை மிஞ்சிய பிரதிகளைப் பென்சில் எண்ணை வைத்துத் தாளில் மீண்டும் வரிசைப்படுத்தினேன். பலன் உடனே தெரிந்தது. 'தி.ஜ. 41' ஜூன் மாதத்து மாத நாவல், 'தி.ஜ. 43' அதே ஆண்டு ஆகஸ்ட். நடுவில் 42 ஆண்டே இல்லாத ஒரு பதிப்பக நூல். அது எப்போது அச்சானது என்பது அப்போதும் தெரியாது. ஆனால் ஏறக்குறைய எந்த மாதம் திருச்சி பிளாட்பாரத்தில் கிடைத்தது என்பது தெரியும். அட்டை போன எழுநூறு சொச்சத்துக்கு அந்த வழி அடைந்துவிட்டது. அடைத்தவன் நான்.

அந்த எழுநூறில் ஒன்று, பிரதி எண் 1187. முன்னட்டை இல்லை, கடைசி ஃபாரமும் இல்லை. எழுதியவர் பெயரோ தலைப்போ கிடையாது. ஒரு மில் முதலாளி கொலை. எல்லோரையும் விசாரித்து முடித்து, துப்பறிவாளர் அறைக் கதவைச் சாத்துகிற இடத்தில் தாள் நின்றுவிடுகிறது. பெரியம்மாவிடம் கொண்டுபோய் நாலு பக்கம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "உங்க அக்கா வளைகாப்புக்கு முந்தி வாங்கினது. டாக்டர்தான் கொன்னான், ஊசி போட்டு" என்றார். பதிவில் எழுதினேன்: 'முடிவு: டாக்டர் (வாய்மொழி).'

போன தை மாதம் திருச்சி நடைபாதைக் கடையில் அதே நாவல் முழுசாகக் கிடைத்தது, பத்து ரூபாய். அதற்கு 1187-ஆ என்று தனிப் பதிவு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் காண்க. கொலை செய்தது மில் முதலாளியின் மைத்துனன். டாக்டர் நல்லவர், கடைசியில் அவருக்குக் கல்யாணம்கூட ஆகிறது. பெரியம்மாவிடம் கடைசி அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், முன்னும் பின்னும் புரட்டினார்.

"எழுதுனவன் மாத்திப்புட்டான்" என்றார்.

முதல் பதிவை நான் அடிக்கவில்லை.